260 துண்டுகள், 14,000 தையல்கள்: ஒட்டுத் துணிப் போர்வையின் விலை எங்கிருந்து வருகிறது?

இணையக் கடைகளில் ‘பேட்ச்வொர்க் குயில்ட்’ என்று தேடிப் பார்க்கிறவர் திகைத்துப்போவார். படத்தில் ஒன்றுபோலவே தெரியும் இரண்டு போர்வைகளில் ஒன்று 900 ரூபாய், மற்றது 6,000 ரூபாய். இரண்டின் கீழும் ‘கைவேலைப்பாடு’ என்றே எழுதியிருக்கும். இன்னொரு பக்கம், அமெரிக்காவின் பெரிய துணி, தையல்பொருள் கடைத் தொடரான ஜோஆன் தன் கடைகள் அனைத்தையும் 2025 மே மாத இறுதிக்குள் மூடிவிட்டது. அப்படியானால் வீட்டில் தைக்கும் பழக்கம் வளர்கிறதா, தேய்கிறதா? மதுரையில் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கும் ஒருவரிடம் இப்படி ஒரு போர்வை கேட்டு ஆள் வந்தால் அவர் என்ன கூலி சொல்வது? விடை போர்வைக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

## முதலில் மூன்று சொற்கள்

1. குயில்ட். மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்கிய விரிப்பு அல்லது போர்வை. மூன்றையும் துளைத்துப் போகும் அந்த ஊடுதையல்தான் இதன் அடையாளம். மேல்துணி ஒரே துணியாக இருந்தாலும் அது குயில்ட்தான்.

2. பேட்ச்வொர்க். வெட்டிய துண்டுகளை ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்து ஒரே பரப்பாக்குவது. நம் வழக்கில் ஒட்டுத் துணி வேலை. பை, திரைச்சீலை, பாவாடை எதையும் இப்படிச் செய்யலாம். நடு அடுக்கும் ஊடுதையலும் இல்லாவிட்டால் அது குயில்ட் ஆகாது.

3. அப்ளிக். ஒரு துணியின் மேல் இன்னொரு துணியை உருவமாக வெட்டி வைத்து ஓரம் தைப்பது. கோயில் தேரில் உருளை உருளையாகத் தொங்கும் தொம்பைகளில் யானையும் யாளியும் பூவும் இந்த முறையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

விற்பனையில் நடக்கும் குளறுபடிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் கலப்பதால் வருபவை. கட்டம் கட்டமாக அச்சடித்த ஒரே துணியை மேலே போட்டு, உள்ளே பாலியெஸ்டர் வைத்து, நூலே இல்லாமல் மீயொலி அதிர்வின் சூட்டில் அடுக்குகளை ஒட்டிவிடும் இயந்திரங்கள் இருக்கின்றன. அப்படி வந்த போர்வையும் ‘பேட்ச்வொர்க் குயில்ட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. அதில் பேட்ச்சும் இல்லை, தையலும் இல்லை.

## கந்தையும் அழகர் வேடமும்

‘கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்கிறோம். அந்தக் கந்தையும் வங்கத்தின் காந்தாவும் ஒரே வேர்ச்சொல்லின் பிள்ளைகள். ஒட்டுப்போட்ட பழந்துணி என்பதுதான் அந்த வடசொல்லின் பொருள். வங்கத்துப் பெண்கள் நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டத்தையல் போட்டுப் போர்வையாக்கினார்கள். சிந்து, ராஜஸ்தான் பக்கம் ரல்லி, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கௌதி என்று இந்த வேலைக்குப் பல பெயர்கள் உண்டு.

நம் பக்கம் அது அவ்வளவு பெயர் பெறவில்லை. வெயில் ஒரு காரணம். பழந்துணிக்கு வேறு வேலைகள் காத்திருந்தது இன்னொரு காரணம்: பழைய சேலை தூளியானது, பழைய வேட்டி பிள்ளைக்கு விரிப்பானது, மிச்சம் கரித்துணியாகி அடுப்படிக்குப் போனது. போர்வையாக மிஞ்சுவதற்குத் துணி இருக்கவில்லை.

ஆனால் துண்டுகளைச் சேர்க்கும் கைத்திறன் மதுரைக்குப் புதிதல்ல. திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு இடையே மெஷின் போட்டுப் பல தலைமுறைத் தையல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கடைகள் பின்னர் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடமிடும் பக்தர்களின் உடைகளைத் தைப்பது இவர்களுடைய பருவகால வேலை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அடர்நிறத் துண்டுகளையும் சரிகையையும் சேர்த்து, ஆடினாலும் ஓடினாலும் பிரியாதபடி தைக்க வேண்டும். தண்ணீரில் நனையும் உடை என்பதால் தையல் இழுத்துக்கொள்ளவும் கூடாது. குயில்ட் தைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதில் அடங்கிவிடுகிறது.

மறுபாதி மெத்தைக் கடையில் இருக்கிறது. மெத்தை தைப்பவர் நீண்ட ஊசியால் மேலிருந்து அடிவரை நூலை இழுத்து, சாண் இடைவெளியில் முடிச்சுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சு ஒரு மூலைக்கு ஓடித் திரளாமல் பிடித்துவைப்பது அந்த முடிச்சு. குயில்ட்டின் ஊடுதையலுக்கும் அதே வேலைதான். அழகுக்காக மட்டும் அது போடப்படுவதில்லை.

## ஒரு போர்வையின் கணக்கு

ஒருவர் படுக்கும் கட்டிலுக்கான போர்வையை எடுத்துக்கொள்வோம். மிக எளிய வடிவம்: 5 அங்குலச் சதுரங்கள், சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு. தைத்து முடித்ததும் ஒவ்வொரு சதுரமும் நாலரை அங்குலமாகத் தெரியும். அகலத்தில் 13, நீளத்தில் 20 வைத்தால் ஐம்பத்தெட்டரைக்கு 90 அங்குலம் வரும்.

1. வெட்ட வேண்டிய துண்டுகள்: 13 பெருக்கல் 20, அதாவது 260.

2. துண்டுகளை இணைக்கும் தையல்: ஒரு வரிசையில் 12 இணைப்புகள், 20 வரிசைகள். பிறகு அந்த வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்க 19 நீளத் தையல்கள். மொத்தம் சுமார் 2,320 அங்குலம். மீட்டரில் 59.

3. ஊடுதையல்: ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று போட்டாலே 2,340 அங்குலம். அதுவும் 59 மீட்டர். இதைக் கையால் ஓட்டத்தையலாகப் போட்டால், அங்குலத்துக்கு 6 தையல் என்ற கணக்கில் 14,000 தையல்களைத் தாண்டும்.

4. ஓரப்பட்டி: சுற்றளவு 297 அங்குலம், ஏழரை மீட்டர்.

இதற்கு ஆகும் துணியைப் பாருங்கள். 44 அங்குல அகலத் துணியில் குறுக்கே 8 சதுரங்கள் விழும். 260 சதுரங்களுக்கு நாலேகால் மீட்டர் வேண்டும். அடித்துணிக்கு, இரண்டு நீளங்களைச் சேர்த்தால், கிட்டத்தட்ட 4.8 மீட்டர். மீட்டர் 120 ரூபாய் என்று வைத்தால் இரண்டுக்கும் 1,086 ரூபாய். நடு அடுக்குக்கு 400, நூலுக்கும் ஊசிக்கும் 100 என்று சேர்த்தால் 1,586.

இனி நேரம். வெட்டுவது, அடுக்கிப் பார்ப்பது, தைப்பது, ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டுப் படியவைப்பது, மூன்று அடுக்கையும் விரித்து ஊக்குக் குத்துவது, ஊடுதையல், ஓரப்பட்டி என்று எல்லாவற்றையும் மெஷினில் செய்தாலே பழகிய கைக்கு 35 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. மணிக்கு 60 ரூபாய் போட்டால் 2,100. நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 480 ரூபாய் என்று அதற்குப் பொருள். கைத்தொழில் தெரிந்த ஒருவருக்கு அது தாராளமான கூலி அல்ல.

ஆக 3,686 ரூபாய். இதில் லாபம் இல்லை, கடை வாடகை இல்லை, கூரியர் இல்லை. 6,000 ரூபாய்ப் போர்வை எப்படி வந்தது என்பது இப்போது விளங்கும். மொத்தமாகத் துணி எடுக்கும் ஆலைக்குச் செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் 118 மீட்டர் தையலை எந்த மொத்தக் கொள்முதலும் குறைக்காது. 900 ரூபாய் என்று சொல்லப்பட்டால், அந்த வேலை செய்யப்படவில்லை, அல்லது செய்த பெண்ணுக்கு அதற்கான கூலி போகவில்லை. மூன்றாவது வழி கிடையாது.

## சின்னத் துண்டு, பெரிய சேதாரம்

துண்டு துணிகளைப் பயன்படுத்தினால் மிச்சம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டிய எண்ணம் அது. 5 அங்குலச் சதுரத்தின் பரப்பு 25 சதுர அங்குலம். தைத்தபின் வெளியே தெரிவது 20.25. அதாவது 100க்கு 19 பங்கு துணி தையலுக்குள்ளே மறைகிறது. இரண்டரை அங்குலச் சதுரமாக வெட்டினால் 6.25இல் 4 மட்டுமே வெளியே தெரியும். 100க்கு 36 பங்கு உள்ளே போய்விடுகிறது. அதே அளவு போர்வைக்குத் துண்டுகளும் நான்கு மடங்குக்கு மேல் தேவைப்படும்.

எனவே தையற்கடையில் எப்படியும் குப்பைக்குப் போகும் வெட்டுத்துணியைச் சின்னதாக நறுக்குவது சரி. கடையில் முழுத் துணி வாங்கி, அதை நறுக்கி, ‘கழிவைக் காக்கிறோம்’ என்று சொல்வது சரியல்ல. வெளிநாடுகளில் ஒரே அளவாக வெட்டிக் கட்டிய துணிக் கட்டுகள் பெரிய வியாபாரம். இரண்டரை அங்குலப் பட்டைகள், 5 அங்குலச் சதுரங்கள், 10 அங்குலச் சதுரங்கள் என்று அவை வருகின்றன. வெட்டும் நேரத்தை அவை மிச்சமாக்கும், துணியை மிச்சமாக்கா.

நம் வீடுகளில் அதற்கு நிகரான ஒரு புதையல் பீரோவில் கிடக்கிறது: விசேஷங்களில் வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொடுக்கும் ரவிக்கைத் துணிகள். யாரும் தைக்காமல் வீடு வீடாகச் சுற்றிவரும் துணி அது. 80 சென்டிமீட்டர் துண்டு ஒன்றில், அகலம் 36 அங்குலம் இருந்தால், 42 சதுரங்கள் கிடைக்கும். ஏழு ரவிக்கைத் துணிகள் ஒரு போர்வையின் மேல்பக்கம். பருத்திதானா என்று மட்டும் முதலில் சோதிக்க வேண்டும். ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் கருகும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகிக் கடினமான மணிபோல் திரண்டால் பாலியெஸ்டர். இரண்டையும் ஒரே போர்வையில் கலந்தால் இஸ்திரிச் சூட்டிலேயே சண்டை தொடங்கிவிடும். திருப்பூரிலிருந்து கிலோக் கணக்கில் வரும் பனியன் துணி வெட்டுகளையும் நெய்த துணியோடு சேர்க்காதீர்கள். பின்னலாடைத் துணி இழுபடும், நெய்த துணி இழுபடாது. தைத்த இடமெல்லாம் சுருங்கி நிற்கும்.

## அரை நூல் பிழை

நல்ல தையற்காரர்கள்கூட முதல் குயில்ட்டில் தடுமாறுகிறார்கள். காரணம் திறமைக் குறைவல்ல, பழக்கம். ரவிக்கை, சுடிதார் தைப்பவர்கள் பின்னால் பிரித்துத் தளர்த்த வசதியாக உள்ளே தாராளமாகத் துணி விடுவார்கள். சற்றுக் கூடக்குறைய வந்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளும். குயில்ட்டில் விடுவது கால் அங்குலம், அதாவது இரண்டு நூல். அது எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும்.

ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம். ஒவ்வொரு ஓரத்திலும் அரை நூல் கூடுதலாகப் பிடித்துத் தைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாது. ஓர் இணைப்பில் இரண்டு ஓரங்கள். ஆக ஒரு நூல் குறைகிறது. வரிசையில் 12 இணைப்புகள். கடைசியில் வரிசை ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிடும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. இழுத்துப் பொருத்தினால் போர்வை நடுவே உப்பிக்கொள்ளும்.

மெஷின் தகட்டில் ஊசியிலிருந்து சரியாக இரண்டு நூல் தள்ளி ஒரு பிளாஸ்திரி ஒட்டி, துணி ஓரத்தை அதை உரசியபடி ஓட்டுவது எளிய தீர்வு. காலால் மிதிக்கும் கறுப்பு மெஷினே இதற்குப் போதும். நேர்த்தையல் மட்டும் போடும் அந்த மெஷினின் தையல் அவ்வளவு சீராக விழும்.

ஊடுதையலில் வேறொரு சிக்கல். மெஷினின் அடிப்பல் கீழ் அடுக்கை மட்டும் இழுக்கும். மேலிருக்கும் பாதம் மேல் அடுக்கை அழுத்திப் பிடிக்கும். மூன்று அடுக்கு இருக்கும்போது கீழ்த்துணி முன்னே ஓட, மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழும். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் ‘வாக்கிங் ஃபுட்’ என்ற தனிப் பாதம் இதற்காகவே வந்தது. அது இல்லையென்றால், உள்ளங்கை இடைவெளியில் ஊக்குக் குத்தி, நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கித் தைக்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தைத்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சிக்கிக்கொள்ளும்.

## இப்போது எந்தப் பக்கம் காற்று

ஜோஆன் மூடப்பட்டதைத் தையலின் மரணமாகப் படிப்பது தவறு. 1943இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2024 மார்ச்சில் ஒருமுறையும் 2025 ஜனவரியில் மறுமுறையும் திவால் பாதுகாப்பு கேட்டது. கடன் சுமை, பெருந்தொற்றுக் காலத்தில் ஏறிய தேவை பிறகு வடிந்தது, சரக்கு வரத்துத் தடுமாற்றம் ஆகியவை சேர்ந்து அதைச் சாய்த்தன. தைப்பவர்கள் மறைந்துவிடவில்லை. அவர்கள் வாங்கும் இடமும் தைக்கும் பொருளும் மாறிவருகின்றன.

மாற்றங்களில் கவனிக்கத்தக்கவை சில.

1. தெரியும்படி ஒட்டுப்போடுதல். கிழிசலை மறைக்காமல், வேறு நிற நூலில் வரிசையாகத் தைத்து அதையே அணியாக்குவது. ஜப்பானின் சஷிகோ தையலும், ஒட்டின்மேல் ஒட்டாக வளர்ந்த போரோ துணிகளும் இதற்கு முன்மாதிரி. இருப்பவற்றில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். செலவே இல்லை. புதிதாக எதையும் வாங்கச் சொல்வதும் இல்லை.

2. நேர்கோட்டுக்கு அடங்காத வடிவங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், நைந்த வேலையுடைகளைக் கிடைத்த வடிவிலேயே இணைத்துப் போர்வை தைத்துவந்தார்கள். 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அவை வைக்கப்பட்டபின், உலகம் குயில்ட்டைப் பார்க்கும் பார்வை மாறியது. கோணல் பிழை என்பதுபோய், கோணலே அழகு என்ற நிலை வந்தது.

3. போர்வையிலிருந்து உடைக்கு. 2021இல் நியூயார்க்கின் மெட் காலா ஆடையலங்கார விழாவுக்குப் பாடகர் ஏசாப் ராக்கி ஒரு குயில்ட்டைப் போர்த்திக்கொண்டு வந்தார். குயில்ட் துணியில் தைத்த கோட்டுகளும் பரவின. பழைய கைவேலைப் போர்வையை வெட்டிக் கோட்டு தைக்கலாமா என்ற சர்ச்சையும் கூடவே வந்தது. அதற்கு என் பதில் இல்லை என்பதே. கிழிந்து போனதை வெட்டலாம். நன்றாக இருப்பதை வெட்டினால், முன்னர் ஒருவர் போட்ட பல நூறு மணி நேரத்தை வெட்டுகிறோம்.

4. நினைவுப் போர்வை. மறைந்த தாயின், பாட்டியின் சேலைகளைச் சேர்த்துத் தைப்பது.

5. சிறு பொருள்கள். பை, மடிக்கணினி உறை, சமையலறைக் கைப்பிடி. குழந்தை விரிப்பும் அதிகம் கேட்கப்படுகிறது. அதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும்போது தளர்வான போர்வை அருகில் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. தரையில் விரித்து விளையாடவிடுவதற்கு மட்டுமே அந்த விரிப்பு.

செயற்கை நுண்ணறிவு வரைந்த போர்வைப் படங்களைக் காட்டித் தையல் வரைபடம் விற்பது இந்தத் துறையின் புதிய தொல்லை. பெரிதாக்கிப் பாருங்கள்: கட்டத்தின் கோடு பாதியில் மறையும், ஒரே பூவின் இதழ்கள் இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும், துணிக்கு இருக்க முடியாத வளைவுகள் தெரியும். தைத்து முடித்த பொருளின் பின்பக்கப் படம் இல்லாத வரைபடத்தை வாங்க வேண்டாம். சரியான வரைபடமாகவே இருந்தாலும், அச்செடுக்கும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற வசதியை நீக்கிவிட்டு 100 சதவீத அளவில் எடுங்கள். நல்ல வரைபடத்தில் ஓர் அங்குலச் சோதனைக் கட்டம் இருக்கும். அதை இஞ்ச் டேப்பால் அளந்த பிறகே கத்தரியைத் தொட வேண்டும்.

## நடு அடுக்கும் மதுரை வெயிலும்

இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லித்தருபவை. நடுவில் தடித்த பஞ்சு அடுக்கு வைக்கச் சொல்வார்கள். மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊரில் அதை யார் போர்த்திக்கொள்வது? பாலியெஸ்டர் அடுக்கு வியர்வையையும் உறிஞ்சாது. ஆசையாய்த் தைத்த போர்வை பீரோவின் மேல்தட்டுக்குப் போய்ச்சேரும்.

பக்கத்திலேயே, போடி வட்டாரத்தில், இலவம்பஞ்சு கிடைக்கிறதே என்று தோன்றும். அதன் இழை வழவழப்பானது, ஒன்றையொன்று பற்றாது. மெத்தைக்கும் தலையணைக்கும் அருமையான அந்தப் பஞ்சு, துவைக்க வேண்டிய போர்வைக்குள் வைத்தால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும்.

நமக்கு ஏற்றது பஞ்சே இல்லாத வழி. காந்தா அப்படிப்பட்டது. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி இன்னும் பொருத்தமானது. ஒரு பழைய சேலையை அடியில் விரிக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரம் மடித்த துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஓட்டத்தையல் போட்டபடியே ஓரத்தைச் சுற்றிவருகிறார்கள். சுற்று முடிந்ததும் உள்ளே அடுத்த சுற்று. இப்படி நடுவில் வந்து முடிகிறது. துண்டுகளை இணைப்பதும் ஊடுதையல் போடுவதும் ஒரே வேலையாகிவிடுகின்றன. அளவு பிசகினாலும் அடுத்த துண்டு மூடிக்கொள்ளும். மெஷின் வேண்டாம், அரை நூல் கவலையும் வேண்டாம். நான்கு மூலையிலும் ‘பூலா’ எனப்படும் மடிப்பு முக்கோணங்களை வைத்து முடிக்கும்வரை கவந்தி நிறைவடைந்ததாக அவர்கள் கருதுவதில்லை.

கனம் கொஞ்சம் வேண்டுமென்றால் நடுவில் ஒரு பழைய வேட்டி போதும். பலமுறை துவைத்த துணிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் பொதுவாக 100க்கு 3 முதல் 5 வரை சுருங்கும். பழைய வேட்டி சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கிவிட்டது.

## சுங்குடியை வெட்டலாமா?

மதுரையில் சேலைப் போர்வை என்றால் சுங்குடி நினைவுக்கு வராமல் போகாது. ஐந்தரை மீட்டர் சேலையை நடுவே குறுக்காக வெட்டி, இரண்டு பாதிகளையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால், மேலே சொன்ன போர்வைக்கு அடித்துணி முழுதாகக் கிடைத்துவிடும். அடித்துணிச் செலவே இல்லை.

ஆனால் வெட்டுமுன் அது எந்தச் சுங்குடி என்று பார்க்க வேண்டும். சௌராஷ்டிரச் சமூகத்தார் கைவழியாக வந்த முறையில், துணியைச் சிட்டிகையாகக் கிள்ளி நூலால் இறுகச் சுற்றி, முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள் விழும். அவிழ்த்தபின் அந்தப் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. விரலால் தடவினால் சில புள்ளிகளில் மெல்லிய மேடு தட்டுப்படும். 2005இல் புவிசார் குறியீடு பெற்றது மதுரைச் சுங்குடி. இன்று அந்தப் பெயரில் கடைகளில் நிறைந்திருப்பவற்றில் மெழுகு அச்சும் திரை அச்சும் மிகுதி. அச்சுச் சேலை பழையதானால் தாராளமாக வெட்டலாம். கைமுடிச்சுச் சேலை நைந்துபோகும்வரை சேலையாகவே இருக்கட்டும்.

எந்தச் சுங்குடியானாலும் சாயம் இறங்குகிறதா என்று சோதிக்காமல் வெள்ளைத் துணியோடு சேர்க்காதீர்கள். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தால் தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கையைப் பெரிதாகக் கொள்ள வேண்டாம். தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அலசுவதே நம்பத்தக்க வழி.

## வாங்குமுன் புரட்டிப் பாருங்கள்

1. ஒரு கட்டத்தின் ஓரத்தை விரலால் தடவுங்கள். தையலுக்கு விட்ட துணி உள்ளே மடிந்திருப்பதால் அங்கே சிறு தடிப்பு இருக்கும். வழவழவென்று இருந்தால் அது அச்சுக் கட்டம்.
2. பின்பக்கம் திருப்புங்கள். ஊடுதையல் நூல் அங்கேயும் தெரிய வேண்டும். நூல் இல்லாமல் அழுத்தப் புள்ளிகள் மட்டும் இருந்தால் சூட்டில் ஒட்டியது.
3. கைத்தையலில் தையலுக்கும் தையலுக்கும் இடைவெளி விட்டு நூல் ஓடும், நீளமும் ஒரே சீராக இருக்காது. மெஷின் தையல் இடைவெளி இல்லாத ஒரே கோடு. மெஷினில் தைத்தது தரக்குறைவல்ல, அதைக் கைத்தையல் விலைக்கு விற்பதுதான் தவறு.
4. பழைய சேலைத் துணி என்று சொன்னால் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். நைந்த இடம் சல்லடைபோல் தெரியும். அந்த இடத்தின் மேல் ஒட்டு இல்லையென்றால் இரண்டாம் துவைப்பில் கிழியும்.

## 2,500 ரூபாய்க் கோடு

2025 செப்டம்பர் 22இல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றம் இந்தத் தொழிலை நேரடியாகத் தொடுகிறது. பருத்திக் குயில்ட் ஒன்றின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய்க்குள் இருந்தால் வரி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. முன்பு கோடு 1,000 ரூபாயில் இருந்தது. அதற்கு மேல் 12 சதவீதம்.

2,500 ரூபாய்ப் போர்வை வரியோடு 2,625 ஆகிறது. 2,600 ரூபாய்ப் போர்வை 3,068 ஆகிறது. விலையில் 100 ரூபாய் வித்தியாசம், வாங்குபவர் கையில் 443 ரூபாய் வித்தியாசம். 900 ரூபாய் மில் போர்வைக்கு 5 சதவீதம் போதும். 35 மணி நேரம் உழைத்த 3,686 ரூபாய்ப் போர்வைக்கு 18 சதவீதம் வேண்டும். விலை ஏறக் காரணம் உயர்ந்த துணியல்ல, கூடுதல் உழைப்பு. அப்படியிருக்க இந்தக் கோடு ஆடம்பரத்தின் மேல் விழவில்லை, கைவேலையின் மேல் விழுகிறது. இதை மாற்றக் கோருவது நியாயமானது.

தமிழ்நாட்டில் பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, மாநிலத்துக்குள்ளேயே விற்பவர்கள் பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. எனவே வீட்டில் தைப்பவர் நேரடியாக விற்கும்போது இந்த வரி வராது. அவரிடம் வாங்கி விற்கும் பதிவுபெற்ற கடை வசூலித்தாக வேண்டும். அதனால் கடைகள் 2,500க்குள் அடங்கும் சிறிய அளவுகளைக் கேட்கின்ற நிலை வரும். அப்போது அளவைக் குறைக்கலாம்; மணிக்கூலியைக் குறைக்க ஒப்புக்கொள்ளக் கூடாது.

வாடிக்கையாளரே பழைய சேலைகளைக் கொண்டுவரும்போது இந்தப் பேச்சு இன்னும் கூர்மையாகும். துணி அவருடையது என்பதால் செலவு பாதியாகும் என்று எதிர்பார்ப்பார். நைந்த இடம் பார்த்துப் பிரிப்பது, சாயம் சோதிப்பது, பட்டுச் சேலையையும் பருத்திச் சேலையையும் தனியாக்குவது என்று பழைய சேலைக்கு வேலை கூடத்தான் செய்கிறது. தொடங்கும் நாளிலிருந்தே எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ரசீதில் துணி ஒரு வரி, மணி நேரம் ஒரு வரி என்று பிரித்து எழுதுங்கள். 900 ரூபாய்ப் போர்வையின் படத்தைக் கைபேசியில் காட்டிப் பேரம் பேசுகிறவர் முன்னால் எடுத்துவைக்க வேண்டியது அந்த இரண்டாவது வரியைத்தான்.